பழைய படகின் உந்துபகுதி: பழுதுச் செலவு மதிப்பீட்டைச் சரிபார்த்தல்

படகின் என்ஜினில் பிறக்கும் சுழற்சியைத் தண்ணீருக்குள் இருக்கும் புரொப்பெல்லருக்குக் கொண்டுசேர்க்கும் பாகங்களின் தொகுதி உந்துபகுதி எனப்படும். கியர், ஷாஃப்ட், பேரிங், ஆயில் சீல், புரொப்பெல்லர் ஆகியவை இதில் அடங்கும். என்ஜின் நன்றாக ஓடினாலும் இப்பகுதி கெட்டால் படகு நகராது. எப்போதும் உப்புநீரில் கிடப்பதால் பழைய படகுகளில் அடிக்கடி செலவு வைப்பதும் இதுவே. பட்டறையில் சொல்லப்படும் தொகை நியாயமானதா என்று அறிய அந்தப் பட்டறைக்காரரின் நேர்மையை எடைபோடத் தேவையில்லை. எந்தப் பாகம் ஏன் கெட்டது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் போதும்.

கடற்கரையும் படகுகளும்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கோவளம், நெம்மேலி, பட்டிப்புலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என நீளும் இதன் கடற்கரையில் சென்னைக் காசிமேட்டில் உள்ளதுபோல் பெரிய மீன்பிடித் துறைமுகம் இல்லை. படகுகள் அலை உடையும் இடத்தைக் கடந்து நேராக மணலில் ஏறுகின்றன. ஏறும்போது என்ஜினின் அடிப்பகுதியைச் சரியான நொடியில் தூக்கிவிட வேண்டும். ஒரு நொடி தாமதமானாலும் புரொப்பெல்லர் மணலில் இடிக்கும். இங்குள்ள உந்துபகுதிப் பழுதுகளில் பல இந்த ஒரு நொடியில் தொடங்குகின்றன.

இச்சிக்கல் புதியதன்று. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. கிழக்குக் கரைக்கு ஏற்ற கரையேறு படகுகளை வடிவமைப்பது அதன் முதற்பணிகளுள் ஒன்று. படகுக்குள் இருக்கும் டீசல் என்ஜினையும் ஷாஃப்டையும் சேர்த்துச் சாய்த்து, புரொப்பெல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் ஓர் அமைப்பை அத்திட்டத்தின் பொறியாளர்கள் உருவாக்கினர். மணலில் இடிக்காத உந்துபகுதி என்பதே அவர்களின் நோக்கம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் ஏராளமான ஃபைபர் படகுகளை வழங்கின. கட்டுமரத்தின் இடத்தை அவை வேகமாகப் பிடித்தன. ஃபைபர் உடல் பல ஆண்டு நிற்கும். என்ஜின் அவ்வளவு காலம் நிற்பதில்லை. எனவே பழைய படகில் இரண்டாவது, மூன்றாவது கை மாறிய என்ஜினைப் பார்ப்பது இயல்பு.

இரண்டு வகை

படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு என்ஜினில் செங்குத்தான ஷாஃப்ட் ஒன்று கீழிறங்கி, அடியிலுள்ள கியர் பெட்டிக்குள் ஒரு சிறு கியரைச் சுழற்றுகிறது. அது முன்கியர், பின்கியர் இரண்டையும் எதிரெதிர்த் திசைகளில் சுழல வைக்கும. இவற்றுக்கு நடுவே நகரும் டாக் கிளட்ச் எதனுடன் பிடித்துக்கொள்கிறதோ அந்தத் திசையில் புரொப்பெல்லர் சுழலும். பெட்டி முழுதும் 90 எண் கியர் ஆயில் நிரப்பப்பட்டிருக்கும். கடல்நீர் உள்ளே புகாமல் தடுப்பவை விரல் அளவு ரப்பர் சீல்கள் மட்டுமே.

நீள்வால் எனப்படும் லாங் டெயில் அமைப்பு இதைவிட எளிது. ஒற்றை உருளை டீசல் என்ஜினிலிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் குழாய்க்குள் ஓடிப் புரொப்பெல்லரில் முடிகிறது. இதில் தேய்பவை பெரும்பாலும் புஷ்கள், அவை உட்காரும் இடத்தில் ஷாஃப்ட், என்ஜினோடு இணைக்கும் கப்ளிங் ஆகியவையே. இவற்றை ஊர் லேத் பட்டறையிலேயே செய்யலாம். தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்துக் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது ஏற்கத்தக்க வேலைதான். ஷாஃப்ட் வளைந்திருந்தால் மட்டும் அவ்வாறு செய்வதில் பயனில்லை. நிமிர்த்தவோ மாற்றவோ வேண்டும். பெரிய மதிப்பீடுகள் எழுவது அவுட்போர்டில் என்பதால் கீழே வருபவை அதைப் பற்றியவை.

அறிகுறியும் பழுதும்

என்ஜின் கத்துகிறது, படகு நகரவில்லை. இதைக் கேட்டவுடன் 'கியர் போய்விட்டது' என்று சொல்பவர் அவசரப்படுகிறார். சிறிய என்ஜின்களில் புரொப்பெல்லரை ஷாஃப்டோடு பிணைப்பது ஷியர் பின் என்னும் மெல்லிய ஊசி. இடித்தால் கியர் உடையாமல் தான் உடைவதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலையைப் படகில் அது செய்கிறது. சற்றுப் பெரிய என்ஜின்களில் ஊசிக்குப் பதிலாகப் புரொப்பெல்லரின் நடுவில் ரப்பர் குடம் இருக்கும். அது வழுக்கினாலும் இதே அறிகுறிதான். குடத்தின் உள்வளையத்திலும் வெளிப்பகுதியிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுப் படகை ஓட்டிப் பார்த்தால், கோடு விலகியிருக்கிறதா என்பதில் விடை தெரிந்துவிடும். கியர் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

முன்னோக்கி ஓடும்போது 'டக் டக்' என்று கியர் நழுவினால் டாக் கிளட்ச்சின் முனைகளும் அவை பிடிக்கும் கியரின் முனைகளும் மழுங்கியிருக்கலாம். கம்பி இணைப்பு சரியாக அமைக்கப்படாவிட்டாலும் இப்படியே நழுவும். அதைச் சரிசெய்ய உதிரிபாகம் வேண்டாம். ஆகவே இணைப்பை முதலில் பார்த்தார்களா என்று கேட்பது நல்லது.

குளிர்விக்கும் நீர் பீச்சுவது குறைந்தால் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கும். மணல் கலந்த நீரை இழுக்கும் இக்கரையில் அது விரைவாகத் தேயும். இதை மாற்றக் கியர் பெட்டியைக் கழற்றி இறக்க வேண்டும், ஆனால் பிரிக்க வேண்டியதில்லை. இதன் மறுபக்கமும் உண்டு: வேறு காரணத்துக்காகப் பெட்டியை இறக்கும்போது இம்பெல்லரையும் சேர்த்து மாற்றச் சொல்வது கூடுதல் பணம் பிடுங்குவதாகாது. மீண்டும் இறக்கும் கூலி மிச்சமாகிறது.

எண்ணெய் சொல்வது

மதிப்பீட்டுக்கு முன் பார்க்க வேண்டிய முதல் சாட்சி கியர் ஆயில். படகின் உரிமையாளர் முன்னிலையிலேயே அடித்திருகைக் கழற்றி ஒரு வெள்ளைத் தட்டில் வடிக்கச் சொல்லலாம். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. திருகின் காந்தமுனையில் மை போன்ற நுண்துகள் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். நகத்தால் எடுக்கத்தக்க இரும்புச் சில்லுகள் வந்தால் கியரோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

வெளுத்த ஆயில் மட்டும் இருந்து சில்லு இல்லையென்றால், காற்றழுத்தச் சோதனை செய்ய வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தில் காற்றடைத்துச் சில நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் நீர்த்தொட்டியில் மூழ்கடித்தால் குமிழி வரும் இடமே கசியும் சீல். இந்தச் சோதனை இல்லாமல் 'முழுப் பெட்டியும் மாற்ற வேண்டும்' என்று எழுதப்பட்ட மதிப்பீடு ஓர் ஊகம். அது சரியாக இருக்கலாம். ஆனாலும் ஊகத்துக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை அதே சீல் போகிறதென்றால் பழுது சீலில் இல்லை. மணலில் இடித்துப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் லேசாக வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவை டயல் கேஜ் காட்டும். புரொப்பெல்லருக்குப் பின்னால் சிக்கிய நரம்பு வலையும் சீலை அறுக்கும். அதை எடுக்காமல் சீல் மட்டும் மாற்றினால் பயனில்லை.

மிகையெனத் தோன்றும் நியாயமான செலவுகள்

ஒரு கியரில் ஒரு பல் உடைந்திருக்க, சிறு கியரையும் முன்கியரையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறார்களே என்ற சந்தேகம் பலருக்கு வரும். இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. புதியதைப் பழையதோடு ஓடவிட்டால் புதியதும் சீக்கிரம் கெடும். எனவே இணையாக மாற்றச் சொல்வது சரி. பின்கியரோ அரிதாகவே பயன்படுவதால் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதையும் மாற்றச் சொன்னால் காரணம் காட்டச் சொல்லலாம்.

கியர்களைப் பொருத்தும்போது பற்களுக்கிடையே சிறிதளவு இடைவெளி இருக்க வேண்டும். மெல்லிய வளையங்களைச் சேர்த்தும் எடுத்தும் அளந்து அமைப்பதற்கு நேரம் பிடிக்கும். அளந்து பொருத்தும் மெக்கானிக் கூடுதல் கூலி கேட்பது முறையே. சென்னையில் பிரிவு வைத்துள்ள மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட் படகு என்ஜின் பொருத்துநர் பயிற்சி அளிக்கிறது. அத்தகைய பயிற்சி பெற்றவர்கள் இந்த அளவுகளைக் குறித்தும் தருவார்கள்.

அலுமினியப் பெட்டியில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு உப்புநீரில் இறுகிவிடும். அதைச் சூடேற்றி எடுப்பதற்கோ, உடைந்தால் துளையிட்டு மரை வெட்டுவதற்கோ ஆகும் நேரம் முன்கூட்டித் தெரியாது. 'திருகு உடைந்தால் தனிக் கூலி' என்று முன்பே எழுதுபவர் ஒளிக்கவில்லை. பெட்டியில் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டை அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும். கட்டையின்மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் அது வேலை செய்யாது. இப்படி அடிக்கப்பட்ட படகுகளை எந்தக் குப்பத்திலும் காணலாம்.

கணக்கு

நல்ல மதிப்பீட்டில் பாகங்கள் பெயர், எண்ணிக்கை, விலையுடனும், கூலி தனியாகவும், வரி தனியாகவும் இருக்கும். பாகம் ஒரிஜினலா, உள்ளூர்த் தயாரிப்பா என்பதும் எழுதப்பட வேண்டும். படகு, அதன் என்ஜின், பாகங்கள் ஆகியவற்றின் பழுதுபார்ப்புச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 5%. பதிவு செய்யாத சிறு பட்டறை ஜி.எஸ்.டி. வசூலிக்க முடியாது, பதிவு எண் இல்லாத ரசீதில் அந்த வரி இருந்தால் அது தவறு. பிரித்துப் பார்த்த கூலியைப் பழுது பார்க்காவிட்டாலும் கொடுப்பது முறை. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்வதும் முறைதான்.

குறைந்த தொகை எப்போதும் மலிவானது ஆகாது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பட்டறை 21,000 ரூபாய் கேட்டு மூன்று நாளில் தருகிறது. மற்றொன்று 12,000 ரூபாய்தான் கேட்கிறது. ஆனால் பாகம் வர மூன்று வாரம் ஆகும். இடைப்பட்ட நாட்களில் கடலுக்குப் போகக்கூடியவை 14, நாளொன்றுக்கு வீட்டுக்கு வருவது 800 ரூபாய் என்றால் இழப்பு 11,200. இரண்டாவது வழியின் உண்மைச் செலவு 23,200. இதே கணக்கைக் கடல் கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் போட்டால் விடை தலைகீழாகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்ப்புக்கு வருவதால் பெரிய பட்டறைகளில் கூட்டம் இருக்கும் என்பதும் கணக்கில் சேர வேண்டியது.

உந்துபகுதிக்குப் பெரிய தொகை செலவிடுமுன் என்ஜினின் மேல்பகுதியைச் சோதிப்பது மிக முக்கியம். இரட்டை உருளை என்ஜினில் இரண்டின் கம்ப்ரஷனும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அந்த என்ஜினுக்குப் புதுக் கியர் போடுவது யோசிக்கத்தக்கது. அப்போது பழைய என்ஜினிலிருந்து கழற்றிய முழுக் கியர் பெட்டியை வாங்கும் வழி உண்டு. ஆனால் கியர் விகிதமும் ஷாஃப்ட் நீளமும் பொருந்த வேண்டும். 15 அங்குலப் பின்பலகைக்கு உரியது 20 அங்குலத்துக்கு உதவாது.

செலவைத் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். ஆனால் கியர் நழுவும் படகு அலை உடையும் இடத்தில் சக்தி இழந்தால் பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். அங்கே பழுதுச் செலவைவிடப் பெரியது பணயம் வைக்கப்படுகிறது.

வேலை முடிந்த பின்

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கப்பட்டதாகக் கருதினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் தருபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செங்கல்பட்டில் மாவட்ட ஆணையம் உள்ளது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. எழுத்தில் இருக்கும் மதிப்பீடும் ரசீதும் கழற்றிய பாகங்களும் அங்கே சான்றாகும். வாய்ச்சொல்லில் முடிந்த பேரத்தை நிறுவுவது கடினம்.

பழுது சரியானதா என்பதை ஆயிலே மறுபடியும் சொல்லும். சுமார் 10 மணி நேரம் ஓடிய பின் அடித்திருகைச் சிறிது தளர்த்திச் சில சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். நீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் படகு இரவு முழுதும் அசையாமல் நின்ற பிறகு, காலையில் கடலுக்கு இறக்குமுன் பார்ப்பதே சரியான நேரம். புகுந்த நீர் இருந்தால் அதுவே முதலில் சொட்டும்.