ராமர் படம் போட்ட கம்பெனி காசு அசலா? குட்டை உடைக்கும் பழைய புத்தகங்கள்!
எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

சென்னை,

ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேக காட்சி. மறு பக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒரு அணா, 1818' என்று ஆங்கில எழுத்து. இப்படி ஒரு தாமிரக் காசை காட்டி, "வீட்டுல வச்சா லட்சுமி தங்குவா, வெளிநாட்டுக்காரன் லட்சக்கணக்குல குடுப்பான்" என்று சொல்லி ஊர் ஊராக விற்பது பல வருடமாக நடக்கிறது. கூலி வேலை பார்த்து சேர்த்த பணத்தை இதில் போட்டு ஏமாந்தவர்கள் வெளியில் சொல்ல வெட்கப்பட்டு சும்மா இருந்துவிடுகிறார்கள்.

உண்மை என்னவென்றால், கிழக்கிந்திய கம்பெனி அப்படி ஒரு அணா காசை அடிக்கவே இல்லை.

இது எப்படி தெரியும்? புத்தகம் இருக்கிறது. பிரிட்மோர் என்ற ஆங்கிலேயர் இந்தியாவில் கம்பெனி காலத்திலும், பிறகு ராணி, ராஜா காலத்திலும் அடித்த காசுகளை வரிசைப்படுத்தி 1975, 1980-ம் ஆண்டுகளில் 2 தொகுதிகளாக வெளியிட்டார். எந்த ஊர் அக்கசாலை, எந்த வருடம், என்ன உலோகம், எத்தனை எடை எல்லாம் அதில் உண்டு. ராமர் காசு மட்டும் அந்த வரிசையில் இல்லை. வடநாட்டில் கோவில் பக்தர்கள் வைத்துக்கொள்ளும் ராமர் டோக்கன்கள் உண்டு. அது வேற சங்கதி. அது செலாவணிக் காசு அல்ல.

ரிசர்வ் வங்கி எச்சரிக்கை

பழைய நோட்டு, காசு வாங்க ஆள் இருக்கிறது என்று ஆன்லைனில் ஆசை காட்டி, ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே 'கமிஷன்', 'வரி' என்று பணம் கறக்கும் கும்பல் பற்றி 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த வங்கியே எச்சரிக்கை விட்டது. எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நாங்கள் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம்.

ஆக, காசு சேர்ப்பவருக்கு முதலில் வேண்டியது காசு அல்ல, புத்தகம். ஆனால் புது புத்தகம் வாங்க போனால் ஆயிரக்கணக்கில் விலை. பல புத்தகங்கள் இப்போது அச்சிலேயே இல்லை. பழைய புத்தகம்தான் வழி.

எதை தேட வேண்டும்?

வியாபாரிகள் 'கே.எம். நம்பர்' என்று பேசிக்கொள்வதை கேட்டிருக்கலாம். கிராஸ், மிஷ்லர் என்ற 2 அமெரிக்கர்களின் பெயரில் வந்த நம்பர் அது. 1972-ல் முதலில் வந்த அவர்களது உலக நாணய கேட்டலாக், டெலிபோன் டைரக்டரி போல தடியாக இருக்கும். நூற்றாண்டுக்கு ஒரு புத்தகமாக பிரித்தார்கள். நம் ஊர்க்காரருக்கு 1801-1900, 1901-2000 ஆகிய 2 தொகுதிகள் போதும். அதை வெளியிட்டு வந்த நிறுவனம் 2019-ல் திவால் ஆனது. 15 வருட பழைய பதிப்பு கிடைத்தாலும் யோசிக்காமல் வாங்கலாம். அதில் போட்டிருக்கும் விலை செல்லாது. ஆனால் காசின் எடையும் உலோகமும் மாறப்போவதில்லையே!

உதாரணத்துக்கு, 1835-ல் இருந்து அடித்த கம்பெனி வெள்ளி ரூபாய் 11.66 கிராம். அதாவது ஒரு தோலா. நகைக்கடை தராசில் வைத்தால் 9 கிராம் காட்டுகிறதா? பேச்சே இல்லை, டூப்ளிகேட்.

கதைகளும் இந்த புத்தகங்களில் உண்டு. 1911-ல் அடித்த ஜார்ஜ் மன்னர் ரூபாயில், அவர் அங்கியில் இருந்த யானை பார்க்க பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த வருடமே தும்பிக்கையும் காதும் தெளிவாக தெரியும்படி மாற்றி அடித்தார்கள். பெட்டியில் கிடக்கும் ஜார்ஜ் ரூபாயில் 1911 இருந்தால் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது இதைப் படித்தவருக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்து காசுகளுக்கு வேறு புத்தகங்கள். சென்னையில் பெரிய அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் எழுதிய தென்னிந்திய காசுகள் புத்தகம் 1886-ம் ஆண்டைச் சேர்ந்தது. அதை உருவாக்கும்போது அவருக்கு கண் பார்வை கிட்டத்தட்ட போயே விட்டது என்பது ஆச்சரியமான செய்தி. 1888-ல் லோவந்தால் என்ற பாதிரியார் திருநெல்வேலி காசுகளுக்கென்றே தனி புத்தகம் போட்டார். 1889-ல் ராணுவ அதிகாரி டப்னெல், புதிதாக காசு சேர்ப்பவர்களுக்காக யோசனைகள் எழுதினார். தேசிகாச்சாரியின் புத்தகம் 1933.

சேர, சோழ, பாண்டியர் காசு என்றால் 'தினமலர்' ஆசிரியராக இருந்த மறைந்த இரா.கிருஷ்ணமூர்த்தியின் சங்ககால நாணயப் புத்தகம் (1997). கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சில்லறையை எல்லாம் பழைய பித்தளை என்று நினைத்தவர்கள் உண்டு. அதில் 'மாக்கோதை' என்ற சேர மன்னன் பெயர் பொறித்த வெள்ளிக்காசும் இருந்தது என்பதை ஊருக்குச் சொன்னது இந்த மாதிரி ஆராய்ச்சிதான்.

கிலோ கணக்கில் போகிறது

இந்த புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? ஒரு காலத்தில் கேட்கவே வேண்டாம், மூர்மார்க்கெட். 1900-ல் திறந்த அந்த சிவப்பு கட்டிடம் 1985-ல் தீயில் போனது. கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு போனார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை, மயிலாப்பூர் லஸ் பக்கமும் நடைபாதை புத்தகக் கடைகளுக்கு பேர் போனவை.

ஆனால் நல்ல சரக்கு பெரும்பாலும் தெருமுனை பழைய பேப்பர் கடைக்குத்தான் போகிறது. காரணம் வேடிக்கையானது. காசு சேர்த்தவர் இறந்ததும் வீட்டில் காசை பத்திரமாக எண்ணி, நாலு பேரிடம் விலை கேட்டு விற்கிறார்கள். புத்தகத்தை எடை போட்டு விற்கிறார்கள். அந்த காசு என்ன காசு என்று சொல்லும் புத்தகம் அதுதான் என்பது தெரியாமலே! பேப்பர் கடைக்காரரிடம், காசு படம் போட்ட புத்தகம் வந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லி வைத்து, எடை விலையைவிட கூட பத்து ரூபாய் கொடுத்தால் அவர் ஏன் மாட்டேன் என்கப்போகிறார்?

வாங்கும் முன்பு பட பக்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய நாணயப் புத்தகங்களில் படங்கள் கடைசியில் தனித்தாளில் சேர்ந்து இருக்கும். பிளேடால் அறுத்து எடுத்திருப்பார்கள். படம் போன நாணயப் புத்தகம் பாதி புத்தகம்தான். ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தால் அழிக்கக்கூடாது. இந்த காசு எந்த ஊரில், எந்த வருடம் கிடைத்தது என்று பழைய ஆள் குறித்து வைத்திருப்பார். அச்சில் இல்லாத தகவல் அது.

ராமபாணப் பூச்சி

கொண்டுவந்த புத்தகத்தை நேராக அலமாரியில் வைத்தால், அதில் இருக்கும் ராமபாணப் பூச்சி மற்ற புத்தகத்தையும் தின்னும். சில நாள் தனியாக வைத்து, ஒவ்வொரு பக்கமாக பிரஷால் தட்டி சுத்தம் செய்வது நல்லது. சுவரை ஒட்டி வைத்தால் ஈரமும் கறையானும் தேடி வரும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து வைக்கலாம். அந்துருண்டை வைப்பவர்கள் அதை தாள் மேல் படாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டுவதுதான் பெரிய தப்பு. சில வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்தையே சாப்பிட்டுவிடும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் போதும். லேமினேஷன் கூடவே கூடாது. அப்புறம் பிரிக்கவே முடியாது. பைண்டிங் கடைக்கு கொடுத்தால், "ஓரம் வெட்டாதீங்க, தைச்சு மட்டும் குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டிங் மெஷினில் அரை அங்குலம் போனால் பட நம்பரும் பென்சில் குறிப்பும் சேர்ந்து போய்விடும். ஜெராக்ஸ் எடுத்தாலும் 100 சதவீத அளவில்தான் எடுக்க வேண்டும். பழைய படங்கள் பெரும்பாலும் காசின் அசல் அளவில் இருக்கும். சுருக்கினால் பக்கத்தில் காசை வைத்து ஒப்பிட முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீட்டு புத்தகங்கள் நனைந்தன. பலர் மொட்டை மாடி வெயிலில் காய வைத்தார்கள். அட்டை வளைந்ததோடு, வழவழ தாளில் இருந்த படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி பாறையாகிவிட்டன. அந்த தாள் ஒரு தடவை ஒட்டி காய்ந்தால் பிரியாது. ஈரம் இருக்கும்போதே இடையில் தாள் செருகி, மின்விசிறி காற்றில் உலர்த்த வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி பிரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. நேரம் கிடைக்கும்போது எடுத்து ஒவ்வொன்றாக காய வைக்கலாம்.

வாங்கவே வசதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. எலியட் புத்தகம் போன்றவற்றின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இன்டர்நெட்டில் இலவசமாக படிக்கலாம். எழும்பூர் மியூசியம் வளாகத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் காசை கையில் கொண்டு அலைய வேண்டியதில்லை. அடிஸ்கேலை பக்கத்தில் வைத்து 2 பக்கமும் செல்போனில் படம் எடுத்து, நகைக்கடையில் போட்ட எடையை ஒரு துண்டு சீட்டில் எழுதிக்கொண்டு போனால் போதும்.