நாலு 'க்ளிக்'... ஃபுல் ஸ்பீடு!

சித்திரை வெயில், தாம்பரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு, திங்கட்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ... இந்த மூணும் ஒண்ணா சேர்ந்தா என்ன ஆகும் தெரியுமா பாஸ்? கம்ப்யூட்டர் கட்டை வண்டி ஆகும்!

என் டெஸ்க்டாப், அக்கா தன் முதல் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்தது. உள்ளே இன்டெல் ஐ5-4570. வழக்கமான வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், தம் கட்டினால் 3.6. ஆனா, நாற்பது நிமிஷ சிமுலேஷன் மூணு மணி நேரம் இழுத்தது. சர்வீஸ்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "புராசஸர் போச்சு தம்பி, போர்டோட மாத்திடலாம். ஏழாயிரம் ஆகும்" என்றார். அக்காகிட்ட மறுபடி காசு கேட்க வாய் வரலை. நாமே பார்ப்போம்னு இறங்கிட்டேன். நான் பார்த்த வரிசையிலேயே நீங்களும் பாருங்க.

முதல்ல, வேகம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் சி.பி.யூ. வேகத்தைக் காட்டும். சும்மா இருக்கும்போது 0.8-னு காட்டினா பதறாதீங்க, கரன்ட்டை மிச்சம் பிடிக்குது. கனமான வேலை கொடுத்தும் ஏறலைன்னாதான் பிரச்னை. என்னுது 3.2-க்கு மேல கிளம்பி, ரெண்டே நிமிஷத்தில் 1.4-க்கு சரிஞ்சது!

அடுத்து, கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்'. அங்கே 'பவர் சேவர்' இருந்தா 'பேலன்ஸ்டு'க்கு மாத்துங்க. சிலருக்கு இதோடவே வேலை முடிஞ்சுடும். எனக்கு முடியலை.

மூணாவது, சூடு. 'ஹெச்டபிள்யூ இன்ஃபோ' மாதிரி இலவச சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தா... 100 டிகிரி! அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். இதுக்குப் பேர் 'த்ராட்லிங்'. 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் நடத்திய சோதனை ரொம்பப் பிரபலம். ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஹீட்சிங்கைக் கழற்றினாங்க. பென்டியம் 4 வேகத்தைக் குறைச்சுப் பிழைச்சது, அந்தக் கால ஆத்லான் கருகிப்போச்சு. அப்படின்னா என் புராசஸர் போகலை. உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஓடுது!

ஃபேன் ஊதுறது நம்ம ரூம் காற்றைத்தான். ரூம் பத்து டிகிரி கூடினா, சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். ஆனா, வெயில் மட்டுமே 100-க்குக் கொண்டுபோகாதே?

ஸ்விட்சை அணைச்சு, ஒயரைப் பிடுங்கி, கேபினட் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கிட்டுத் திறந்தேன். ஜி.எஸ்.டி. ரோடு புழுதி மொத்தமும் உள்ளே! ஃபேன் சுத்தாம விரலால் பிடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால் தட்டினேன். அப்பதான் குற்றவாளி சிக்கினான். இன்டெல் கூலருக்கு நாலு பிளாஸ்டிக் கால். அதில் ஒண்ணு போர்டில் பூட்டாம தூக்கிட்டு இருந்துச்சு. கூலர் சிப் மேல சரியா உட்காரவே இல்லை! நடுவில் இருந்த தெர்மல் பேஸ்ட்டும் காய்ஞ்சு பொடியாகி இருந்தது.

மின்சார ரயிலைப் பிடிச்சு ரிச்சி ஸ்ட்ரீட் போய், 150 ரூபாய்க்கு பேஸ்ட் வாங்கினேன். பழசை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, புதுசை பட்டாணி அளவு வெச்சு, கால்களை எதிரெதிர் மூலையா அழுத்தினேன். க்ளிக், க்ளிக், க்ளிக், க்ளிக்! நாலு சத்தமும் கேட்கணும், அதான் கணக்கு.

இப்போ முழு லோடில் 72 டிகிரி. வேகம் 3.2-க்குக் கீழ இறங்கவே இல்லை.

உங்க மெஷினில் சூடு குறைவா இருந்தும் வேகம் ஏறலையா? பயாஸில் 'லோட் டிஃபால்ட்ஸ்' கொடுத்துப் பாருங்க. அப்பவும் மசியலைன்னா எஸ்.எம்.பி.எஸ். அல்லது போர்டு மேல சந்தேகப்படலாம், அப்போ மெக்கானிக்கிட்ட போங்க. ஆனா, 'மாத்தணும்'னு அவர் சொன்னா, "டெம்பரேச்சர் எவ்வளவுண்ணே?"னு முதல்ல கேளுங்க.

ரிவ்யூ நல்லபடியா முடிஞ்சது. அக்காவுக்கு இந்தக் கதை இன்னும் தெரியாது. அக்கா, இதைப் படிக்கிறியா? உன் ஏழாயிரம் மிச்சம். ட்ரீட் எப்போ?