ஷம்பூவும் மின்சாரமும்

1990இல் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று பெற்றோலும் அருமையாகிப்போன காலத்தை அங்கு வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார். சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். நீரிறைக்கும் இயந்திரமும் சிறு ஜெனறேற்றரும் அப்படித்தான். புகை கக்கும், எஞ்சின் இடிக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். எரிபொருளின் தரம் எஞ்சினை என்ன செய்யும் என்று எமக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

லண்டனிலும் இதே தொல்லை உண்டு, வேறு உருவத்தில். ஹவுன்ஸ்லோவுக்கு அருகே 1930களில் கட்டப்பட்ட மொக்டன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மேற்கு லண்டனில் வாழும் எம்மவர் பலரின் வீட்டுக் கழிவுநீர் போய்ச் சேருமிடம் அதுதான். அங்கே கழிவுச் சேற்றைக் காற்றுப் புகாத தொட்டிகளில் வெதுவெதுப்பாக வைக்கிறார்கள். பக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயுவில் எஞ்சின்கள் ஓடி மின்சாரம் பிறக்கிறது.

எமது அடுப்பில் எரிவது பெரும்பாலும் மெதேன். கழிவுநீர் வாயுவிலோ 100இல் 60 பங்களவே மெதேன். மிகுதியில் பெரும்பகுதி எரியாத காபனீரொட்சைட்டு. அதனால் வலு குறைவு. ஆனாலும் அந்தக் காபனீரொட்சைட்டே எஞ்சின் இடிப்பதைத் தடுக்கிறது என்பது வேடிக்கை. உண்மையான தொல்லை, இந்த அளவுகள் ஒரே சீராக நில்லாததுதான். மெதேன் குறைந்தால் காற்றுக் கலவை பிசகி எஞ்சின் தடுமாறும், கூடினால் சூடேறும். அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு வேறு. அது எரிந்து ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

எம்மை வியக்கவைத்தது ஷம்பூ சங்கதி. ஷம்பூ, கிறீம், டியோடரன்ட் பலவற்றில் சிலிக்கன் சேர்ந்த பொருட்கள் உண்டு. குளியலறையிலிருந்து கழிவுநீரோடு சென்று, வாயுவில் ஆவியாகக் கலந்து, சிலிண்டருக்குள் எரிந்ததும் அவை வெள்ளை மணலாகப் படிகின்றன. ஓடும் எஞ்சினுக்குள் மணல்! தேயாமல் என்ன செய்யும்? ஆகவே இப்படியான வாயுவை முதலில் கரித்துகள்களினூடாக வடிகட்டுவார்கள். (தலைக்கு ஷம்பூ வைக்கவேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை.)

வீட்டுக் குழாயில் வரும் வாயுவும் எப்போதும் ஒன்றல்ல. அதன் தரத்துக்கு 1996இல் இங்கு சட்டமே எல்லை வகுத்தது. உங்கள் காஸ் பில்லில் 'கலோரிஃபிக் வல்யூ' என்று 39ஐ ஒட்டிய ஓர் எண் இருக்கும். ஒரு கன மீற்றர் வாயு எத்தனை மெகாயூல் வெப்பம் தரும் என்பதே அது. மீற்றர் காட்டுவது வாயுவின் கனவளவை மட்டுமே. அதை இந்த எண்ணாற் பெருக்கித்தான் காசைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு பில்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எண் சற்று மாறியிருக்கக் காண்பீர்கள்.