பகல் உறக்கமும் மனை வடிவமைப்பும்: மத்திகிரி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

வீட்டில் உறங்கும் நேரம் இரவே என்னும் எண்ணத்தில்தான் பெரும்பாலான மனைகள் திட்டமிடப்படுகின்றன. ஓசூரை ஒட்டிய மத்திகிரி வட்டாரத்திற்கு இவ்வெண்ணம் முழுமையாகப் பொருந்துவதில்லை. 1970களில் சிப்காட் தொழில் வளாகம் உருவானது முதல், ‘ஷிப்டு’ எனப்படும் முறைப்பணி இங்குப் பல குடும்பங்களின் வாழ்க்கைமுறையாயிற்று. இரவுப்பணி முடித்துத் திரும்புவோர் வெயிலும் வாகன இரைச்சலும் மிகும் வேளையில் உறங்க வேண்டியுள்ளது. சன்னலைத் திறந்தால் இரைச்சல், மூடினால் புழுக்கம். இச்சிக்கலை மனையமைப்பின் வழி தணிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கதிரவன் இயக்கமும் கூரையும்

மனை வகுப்பதற்குக் கதிரவனை நோக்குவது தமிழ் மரபில் பழமையானது. இரு கோல்களின் நிழல்கொண்டு நண்பகலில் திசை குறித்து அரண்மனை வகுத்ததை நெடுநல்வாடை கூறுகிறது. ஓசூர் ஏறத்தாழ 12.7 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஆகவே ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களை ஒட்டி நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். கோடையில் வெயிலை மிகுதியாக ஏற்பது சுவரன்று, கூரையே என்பது இதனால் விளங்கும். காங்கிரீட் தளம் ஏற்ற வெப்பத்தைச் சில மணி நேரம் தேக்கிவைத்துப் பிற்பகலிலும் முன்னிரவிலும் அறைக்குள் விடுகிறது. எனவே பகலில் உறங்குவோரின் அறை மேல்தளத்தில் அமைதல் கூடாது. மாடிக்குக் கீழுள்ள தரைத்தளமே ஏற்றது. மொட்டைமாடியில் சுண்ணாம்புச் செங்கல்ஜல்லி இட்டுத் தட்டோடு பதித்து, வெண்பூச்சுப் பூசுவது கூரை ஏற்கும் வெப்பத்தைக் குறைக்கும்.

மேற்குச் சுவர்

மாலை வெயில் தாழ்ந்த கோணத்தில் விழுவதால் சன்னல் மேலுள்ள சன்ஷேடு அதனைத் தடுப்பதில்லை. மாடிப்படி, குளியலறை, பொருள் வைப்பறை ஆகியவற்றை மேற்கில் அமைத்தால் அவையே படுக்கையறைக்குத் தடுப்பாகும்.

முற்றத்தின் பயன்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவுகள் குளிர்ந்தவை. இக்குளிர்ச்சியை வீட்டினுள் சேர்ப்பதே முற்றத்தின் பணி. இரவுப்பணியாளரின் அறை இரவில் வெறுமையாக இருக்கும். அப்போது முற்றத்தை நோக்கிய சன்னல்களைத் திறந்துவைத்தால் சுவரும் தரையும் குளிரும். வெயில் ஏறுமுன் அவற்றைச் சாத்திவிட்டால் அக்குளிர்ச்சி நண்பகல் வரையேனும் துணைநிற்கும். காற்று தேவைப்படும்போது தெருவை நோக்கியன்றி முற்றத்தை நோக்கித் திறக்கலாம். தெருவுக்கும் முற்றத்துக்கும் இடையில் அறைகள் நிற்பதால் இரைச்சல் தணிந்தே வரும்.

சிறு மனையில் முற்றத்திற்கு இடமேது என்னும் வினா எழலாம். 30 அடிக்கு 40 அடி மனையின் பரப்பு 1,200 சதுர அடி. 6 அடிக்கு 8 அடி முற்றம் கொள்வது 48 சதுர அடி. அதாவது 4 விழுக்காடு. மேலே கம்பிவலை இட்டால் பாதுகாப்பும் கிடைக்கும். அதில் விழும் மழைநீரை, தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்புடன் இணைக்கலாம்.

முடிவுரை

முற்றம் பழம்பெருமை கருதிப் போற்றத்தக்க எச்சம் மட்டுமன்று. இன்றைய தொழில்நகரின் தேவையும் ஆகும். உறக்கம் குறைந்தவர் இயந்திரத்தின் முன் நிற்பது அவருக்கே இடராகும். ஆகவே இவ்வட்டாரத்தில் வீட்டு வரைபடம் தீட்டுவோர், ‘இவ்வீட்டில் பகலில் உறங்குபவர் யார்?’ என்னும் வினாவிலிருந்து தொடங்குதல் வேண்டும்.