உங்களுக்குத் தெரியுமா? ஓய்வுபெற்ற கைகளுக்கு ஒரு பட்டறை

● 1863 மே 30. நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிய சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். குவார்ட்சைட்டில் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுதான். கிரீடம் இல்லை, சிலை இல்லை, ஒரு டூல்! தென்சென்னைப் புறநகரின் கதை பட்டறைச் சாமானில் தொடங்குவதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

● அதே பல்லாவரத்தில், பழைய டிரங்க் ரோட்டில், வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. செடி, புறா, பழைய கம்ப்யூட்டர், கட்டில் எல்லாம் கிடைக்கும். நான் போவது பழைய டூல்ஸ் பரப்பியிருக்கும் தார்ப்பாய்களைப் பார்க்க. கைப்பிடி வழவழவென்று தேய்ந்த இழைப்புளி, பல் தீட்டித் தீட்டி ஒடுங்கிப்போன ரம்பம், இனிஷியல் பொறித்த சுத்தியல். தொழிற்சாலையில் கைமாறிப் போகாமலிருக்கத்தான் ஃபிட்டர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்தைக் குத்தி வைப்பார்கள். அந்த எழுத்துக்குரியவர் இப்போது எங்கே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். என் அப்பாவின் டூல் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது; அதைச் சந்தைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

● ஓய்வுபெற்ற ஆண்களுக்காகவே பொதுப் பட்டறை கட்டும் ஓர் இயக்கம் உலகில் இருக்கிறது. மென்ஸ் ஷெட் என்று பெயர். வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, அதில் டூல்ஸ் வைத்து எதையாவது தட்டிக்கொண்டிருப்பது ஆஸ்திரேலிய ஆண்களின் பழைய பழக்கம். வயதாகிச் சின்ன வீட்டுக்கு மாறும்போது முதலில் போவது அந்தக் கொட்டகைதான். தனி வீட்டை விற்று அபார்ட்மென்ட்டுக்கு மாறிய நம் தாம்பரத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

● 1993இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வா என்ற சிற்றூரில், முதியோர் மையம் ஒன்றில் பணிபுரிந்த மாக்ஸின் என்ற பெண்மணிதான் ஆண்களுக்கென்று ஒரு பட்டறையைத் திறக்க வைத்தார். 1998இல் விக்டோரியா மாநிலத்தின் டொங்காலாவில் திறந்த பட்டறைதான் முதலில் ‘மென்ஸ் ஷெட்’ என்ற பெயரையே பலகையில் எழுதிக்கொண்டது. 2007இல் தேசியச் சங்கம் உருவானது. இன்று ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். அயர்லாந்துச் சங்கம் 2011இலும் பிரிட்டன் சங்கம் 2013இலும் தொடங்கின.

● “ஆண்கள் முகத்துக்கு முகம் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றுதான் பேசுவார்கள்.” அந்தச் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து இது. உட்கார வைத்து “மனசுல என்ன கஷ்டம் சார்?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லை” என்றே பதில் வரும். ஒரே பலகையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றால், அரை மணி நேரத்தில் மனைவி போன பிறகு சாப்பாடு இறங்காததுகூட வெளியே வந்துவிடும். கண் பலகையில் இருக்கும். வாய் தன்பாட்டுக்குப் பேசும்.

● ஆஸ்திரேலியப் பட்டறைகளில் இன்னொன்றும் நடக்கிறது. காருக்குச் சர்வீஸ் பார்ப்பதுபோல உடம்புக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் பட்டறை வாசலிலேயே சோதிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வராதவர்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்து கையை நீட்டுகிறார்கள். 2010இல் அந்நாட்டின் முதல் தேசிய ஆண்கள் நலக் கொள்கை வந்தபோது, இந்தப் பட்டறைகளுக்கு அரசே நிதி ஒதுக்கியது.

● சரி, இதற்கும் தாம்பரத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த ரயில் பாதையையே பாருங்கள். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. தாம்பரத்தில் மின்ரயில் பணிமனை இருக்கிறது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் வந்தது. அந்தப் பேட்டையின் லேத்துகளில் கை பழகியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! குரோம்பேட்டையின் பெயரே குரோம் லெதர் என்ற தோல் பதனிடும் கம்பெனியிலிருந்து வந்தது. அங்கே 1949இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு கார் உருவாகி வந்தது. 1988இல் கார் உற்பத்தி நின்றது. சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் 1984 முதல் இருக்கிறது. அனகாபுத்தூரில் தறிச் சத்தம் இன்னும் முழுதாக அடங்கிவிடவில்லை.

ஃபிட்டர், டர்னர், வெல்டர், மோல்டர், எலெக்ட்ரீஷியன், பேட்டர்ன் மேக்கர். இவர்கள் எல்லாம் பழைய மின்ரயில் நிலையங்களைச் சுற்றியே மனை வாங்கி வீடு கட்டினார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிசகினாலும் விரல் நுனியில் உணரும் ஆட்கள், இன்று காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் நடந்துவிட்டு, எட்டு மணிக்குப் பேப்பர் படித்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார்கள். இப்படி ஒரு பட்டறைக்கு இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

● தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது நீண்ட காலம் 58. அது 2020இல் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. அப்பா தனியார் கம்பெனி ஃபிட்டர். 58 முடிந்த மறுநாளும் ஐந்து மணிக்கு எழுந்து, ஷூ பாலிஷ் போட்டு, டிபன் டப்பா எங்கே என்று அம்மாவைக் கேட்டார்.

● கடன் வாங்கிய இடத்தில்தான் பெரும்பாலான மென்ஸ் ஷெட்டுகள் பிறக்கின்றன: சர்ச் ஹால், பழைய தீயணைப்பு நிலையம், யாரோ ஒருவரின் கராஜ். இடத்துக்காரர் காலி பண்ணச் சொன்னால் எல்லாம் மூட்டை. மரச்சாமானைத் தூக்கிவிடலாம், லேத்தை அப்படித் தூக்கமுடியாது. புதுத் தளத்தில் இறக்கியதும் ரசமட்டம் வைத்து மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். லேத்தின் படுக்கை ஒரு நூல் முறுக்கிக்கொண்டாலும் கடைசல் வேலை கூம்பாகிப் போகும். நிரந்தரக் கட்டடம் கட்ட இந்தப் பெரியவர்கள் வருடக் கணக்கில் காசு சேர்ப்பது இதற்காகத்தான். அஸ்திவாரத்துக்கு மேலே கனமான கான்கிரீட் தளம் போட்டு, மிஷினை அதில் போல்ட் அடித்து இறுக்கினால்தான் பட்டறை என்று பெயர்.

(ரசமட்டத்துக்குள் அசையும் குமிழியைச் சுற்றி இருப்பது பாதரசம் இல்லை, ஆல்கஹால். பெயரில்தான் ரசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

● மரத்தூளை லேசாக நினைக்கக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. அதனால் ஒவ்வொரு ரம்பத்துக்கும் தூள் உறிஞ்சும் குழாய் போட்டு, மோட்டாரையும் பையையும் சுவருக்கு வெளியே வைப்பது நல்லது. வெளியே வைத்தால் சத்தமும் குறையும். 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் கேட்டால் காது கெடும். ஏற்கெனவே பாதிக் காதை ஆலையில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு மீதிக் காதையாவது மிச்சம் வைக்கவேண்டாமா?

● வெளிச்சமும் அப்படித்தான். 60 வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். வெளிச்சத்தைக் கூட்டுகிறேன் பேர்வழி என்று பழைய டியூப் லைட்டை மட்டும் வரிசையாக மாட்டினாலும் ஆபத்து. நம் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை மின்னி அணைகிறது. சுழலும் லேத் சில வேகங்களில் நின்றுபோனது மாதிரியே தெரியும். கை வைத்தால் போச்சு. அதனால்தான் பட்டறைகளில் விளக்குகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துப் போடும் வழக்கம் வந்தது.

● கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ரம்பம் தானாகச் சுழலத் தொடங்கினால்? நல்ல மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் இருக்கிறது. மின்சாரம் நின்றதும் அது விட்டுவிடும். மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் பிடிக்கும். எங்கள் பகுதியின் மே மாதத்தை அறிந்தவர்கள் இந்தக் காயிலில் காசு மிச்சம் பிடிக்கமாட்டார்கள்.

● 2015 டிசம்பர் முதல் வாரம். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு ஓடியது. இங்கே யார் பட்டறை கட்டினாலும் முதல் கேள்வி: பிளிந்த் எவ்வளவு உயரம்? அந்த வருடத் தண்ணீர் நின்ற கோடு எங்கே இருந்தது என்று தெருவில் கேளுங்கள், காட்டுவார்கள். தளம் அதற்கு மேலே. ஸ்விட்ச் போர்டு இன்னும் மேலே. மோட்டார்களைத் தரையில் வைக்காதீர்கள்.

● வேலை மருந்தாகும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கினார். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய அனுபவம் உள்ளவர். அவர் காலத்து இங்கிலாந்தில், ஃபிரிம்லி சானடோரியத்தின் மருத்துவர் மார்கஸ் பாட்டர்சன், நோயாளிகளுக்குப் படிப்படியாக உடலுழைப்பைக் கூட்டிக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். முதலில் நடை, பிறகு கூடை சுமப்பது, பிறகு மண்வெட்டி. டோஸ் ஏற்றுவது போலவே.

● இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு பெங்களூரில் இருக்கிறது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே, 2015இல் பெங்களூருக்கு வந்தது. உடைந்த மிக்ஸி, நின்றுபோன கடிகாரம், கைப்பிடி கழன்ற பெட்டி எதையும் கொண்டுபோகலாம். தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தே பழுது பார்ப்பார்கள். அதற்குச் சொந்தக் கட்டடம்கூட வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மேஜையும் போதும். தாம்பரத்தில் தொடங்குவதானால் இப்படித் தொடங்கலாம் என்பது என் எண்ணம். லேத் பிறகு வரட்டும்.

● 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். நாட்டின் சராசரி நூற்றுக்கு எட்டரைதான். இந்தியாவில் தற்கொலை செய்துகொள்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். முதியோர் உதவி எண் 14567. மனம் தளர்ந்தால் பேச டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம். இந்த இரண்டு எண்களையும் வெட்டி எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

● 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 70 வார்டுகள். பூங்கா இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, சில இடங்களில் திறந்தவெளி ஜிம்மும் இருக்கிறது. எழுபதில் ஒரே ஒரு வார்டில், பூட்டிக் கிடக்கும் ஒரு சமுதாயக் கூடத்தின் பின்கட்டைக் கேட்கிறேன். மூன்று ஃபேஸ் இணைப்பு, ஒரு வைஸ், ஒரு டீ அடுப்பு. அங்கன்வாடிக்கு மரப் பொம்மையும், அரசுப் பள்ளிக்குப் பழுது பார்த்த பெஞ்சும் பதிலுக்கு வரும். வெளிநாட்டுப் பட்டறைகள் அதைத்தான் செய்கின்றன. பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் பட்டறைகள் அங்கே நிறைய உண்டு. இங்கேயும் கதவைச் சாத்தவேண்டாம்.

● புதுப் பட்டறையில் எதை முதலில் செய்வது நல்லது தெரியுமா? வேலை மேஜையை. அதற்குக் கடையில் ரெடிமேட் உயரம் சரிப்படாது. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுவே இழைப்புளி ஓட்டும் மேஜையின் உயரம். நுணுக்கமான வேலைக்கு முழங்கை வரை உயர்த்தலாம், முதுகு குனியாது.

அப்பாவுக்கும் இந்தக் கணக்கு தெரியும். சேலையூர் அபார்ட்மென்ட்டுக்கு வந்த வாரமே பால்கனியில் நின்று கையைத் தொங்கவிட்டு, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். முப்பத்து நாலு அங்குலம். கீழ் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை, மேல் வீட்டில் கைக்குழந்தை, தட்டினால் புகார் வந்தது. மேஜை வரவே இல்லை. மூன்று முறை சுவருக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் பெயின்டரிடம் அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொல்கிறேன்.