படகு எஞ்சின் ஏன் கிளம்பவில்லை?

காரைக்கால் பகுதியில், நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த குரும்பகரம் கடலை ஒட்டிய ஊரன்று. வயல் சூழ்ந்த ஊர். அத்தகைய ஊர்களில் வாய்க்கால் நீரை இறைக்கும் ஆயில் எஞ்சினை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிழக்கே காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊர்களுக்குப் போனால், ஃபைபர் படகின் பின்புறத்தில் அதன் உறவுக்காரரைக் காணலாம். அதுவும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். நீண்ட தண்டும் அதன் முனையில் சுழல்விசிறியும் கூடுதலாக இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த இடத்தைப் பெருமளவில் இத்தகைய படகுகளே பிடித்துக்கொண்டன.

வயலில் எஞ்சின் நின்றால் ஊருக்குள் நடந்து போய் மெக்கானிக்கை அழைத்து வரலாம். கடலில் நின்றால், காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போகும். ஆகவே முதல் வேலை எஞ்சினைத் திறப்பதன்று. ஆழம் இடங்கொடுத்தால் நங்கூரத்தைப் போடுவது. அலை உடையும் இடத்தை நோக்கிப் படகு நகர்கிறதென்றால் இதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இனி எஞ்சினுக்கு வருவோம். மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தீப்பொறி பிளக் டீசல் எஞ்சினில் இல்லை. அப்படியானால் தீ எங்கிருந்து வருகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடேறும். இந்த எஞ்சின் உள்ளிழுத்த காற்றை ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்காக அமுக்குகிறது. அப்போது வெப்பம் 500 பாகை சென்டிகிரேடையும் தாண்டும். அந்தக் காற்றில் டீசலை நுண்துளிகளாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது இந்தத் தத்துவத்தைத்தான். அவர் பிறந்தது 1858இல், பாரிஸில். அன்று காரைக்காலை ஆண்டதும் அதே பாரிஸ்தான்!

எனவே எஞ்சின் கிளம்பாவிட்டால் கேட்க வேண்டியவை இவ்வளவே: எஞ்சின் சுற்றுகிறதா? டீசல் உள்ளே போகிறதா? காற்று போதுமான அளவு சூடாகிறதா?

சுற்றவே மறுக்கிறதென்றால் விசிறியைப் பாருங்கள். வலைக் கயிறு சுற்றியிருக்கலாம். கயிற்றை எடுக்கும்போது எஞ்சினை நிறுத்தும் லீவர் நிறுத்திய நிலையிலேயே இருக்கட்டும்.

சுற்றுகிறது, ஆனால் புகைபோக்கியில் புகையே இல்லை என்றால், டீசல் உள்ளே போகவில்லை என்று பொருள். பெரும்பாலான தொல்லை இங்கேதான். டாங்கியில் டீசல் இருக்கிறதா, குழாயின் அடைப்பான் திறந்திருக்கிறதா, நிறுத்தும் லீவர் ஓடும் நிலைக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், அவசரத்தில் மறந்துபோவது இவைதாம். எல்லாம் சரியாக இருந்தும் புகை வராவிட்டால், மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்று சொல்வதைச் சந்தேகிக்க வேண்டும்.

கொஞ்சம் காற்று இவ்வளவு பெரிய எஞ்சினை நிறுத்திவிடுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போதுகூட, பம்ப் ஒரு தடவைக்கு அனுப்பும் டீசல் ஏறத்தாழ அரைச் சொட்டுத்தான். இஞ்செக்டரின் ஊசி திறக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் தேவை. டீசல் எளிதில் சுருங்காது. ஆகையால் பம்ப் தள்ளியதும் அழுத்தம் சட்டென ஏறும். காற்றோ பஞ்சு போன்றது. குழாயில் ஒரு மிளகளவு காற்று புகுந்துவிட்டால் பம்பின் உழைப்பெல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். ஊசி திறப்பதே இல்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. முதலில் ஃபில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். குமிழிகள் நின்று டீசல் மட்டும் வழியும்வரை காத்திருந்து இறுக்குங்கள். அடுத்து பம்பின் திருகு. கடைசியாக இஞ்செக்டருக்குப் போகும் இரும்புக் குழாயின் மரையை அரைச்சுற்றுத் தளர்த்தி, எஞ்சினை மெதுவாகச் சுற்றி, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். பிறகு சுற்றும்போது இஞ்செக்டரிலிருந்து 'கிர்' என்று ஒரு சிறு ஒலி கேட்க வேண்டும். பீய்ச்சும் இஞ்செக்டரின் முன் விரலை மட்டும் நீட்டாதீர்கள். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம்.

படகில் இன்னொரு எதிரியும் உண்டு: தண்ணீர். டீசல் தண்ணீரைவிட லேசானது. ஆகவே கேனில் தெறித்த கடல்நீர் டாங்கியின் அடியில் தங்கும். அடித்திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும்.

வெள்ளைப் புகை வருகிறது, எஞ்சின் மட்டும் பற்றவில்லை என்றால்? டீசல் போகிறது, சூடுதான் போதவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்தோ வால்வு சரியாக மூடாமலோ காற்று கசியலாம். மெதுவாகச் சுற்றினாலும் சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும். அதனால்தான் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஃப்ளைவீல் நன்றாக வேகம் பிடித்த பிறகு விடுகிறார்கள். கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சினானால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு போய்விடும்.

கன்னியாகுமரிக் கரையிலும் கேரளத்திலும் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டார்கள் உண்டு. அவற்றின் கதை வேறு. மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி ஆறவிட்டால், கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, மறுபடி கிளம்பாது.

அரைமணி நேரம் முயன்றும் பயனில்லையென்றால் கரைக்கு அப்பால் போய்விடும்வரை காத்திருக்க வேண்டாம். கைபேசிக்குச் சிக்னல் இருக்கும்போதே கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள், வி.எச்.எப். கருவி இருந்தால் 16ஆம் சானல். திருகுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், ஒரு மாற்று ஃபில்டர், சில செப்பு வாஷர்கள்: இவற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடிப் படகிலேயே வைத்திருங்கள்.