தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது சென்னையைச் சேர்ந்த தமிழ் இசைக்குழு ஆகும். கானா, சொல்லிசை (ராப்), ராக் ஆகியவற்றைப் பறையோடு கலந்து சாதி எதிர்ப்புப் பாடல்களைப் பாடுவது இக்குழுவின் அடையாளம். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்சு அமைப்பும் இணைந்து 2017 ஆம் ஆண்டின் இறுதியில் இதனை உருவாக்கின. குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. அப்போது குழுவில் 19 பேர் இருந்தனர். அவர்களுள் இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி ஒருவரே பெண்.

பெயர்

குழுவின் பெயர் ஆங்கிலத்தில் அமைந்திருந்தாலும் அதன் வேர் தமிழில் உள்ளது. சித்த மருத்துவரும் தமிழ்ப் பௌத்த இயக்க முன்னோடியுமான அயோத்திதாசர் (1845–1914), ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய "சாதியற்ற தமிழர்" என்னும் கருத்திலிருந்து இப்பெயர் பெறப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் சாதி அடுக்கின் கடைசிப் படியில் இருப்பவர்கள் அல்லர், அவ்வடுக்கை ஏற்காதவர்கள் என்பது அயோத்திதாசரின் வாதம். 1907 இல் சென்னையில் அவர் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழ் இக்கருத்தைத் தொடர்ந்து பரப்பியது. ஆகவே "காஸ்ட்லெஸ்" என்பதைச் சாதியை மறைத்துக்கொள்வது எனப் பொருள்கொள்வது பிழையாகும். இக்குழுவின் பாடல்கள் சாதியைப் பெயர் சொல்லியே பேசுகின்றன.

வட சென்னையும் கானாவும்

இக்குழுவின் இசையைப் புரிந்துகொள்ளக் கானாவைப் பற்றி அறிவது தேவை. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தை ஒட்டியும் அதற்கு வடக்கிலும் மேற்கிலும் விரியும் பகுதி சென்னையின் உழைப்பாளர் பகுதியாகும். தென்னிந்தியாவின் முதல் தொடருந்து 1856 இல் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. துறைமுகம், பெரம்பூரின் பின்னி ஆலைகள், பின்னாளில் எண்ணூரின் வாகனத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் ஆகியவற்றில் வேலை தேடிச் சுற்று மாவட்டங்களிலிருந்து மக்கள் இங்குக் குடியேறினர். அவர்களுள் கணிசமானோர் ஊரில் சாதிக் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த நாட்டுப்புறப் பாட்டும், நகரில் கேட்ட திரைப்பாட்டும் இந்துத்தானி மெட்டுகளும் கலந்து உருவானதே கானா எனலாம். பாட்டு எனப் பொருள்படும் இந்திச் சொல்லே இதன் பெயர்.

கானாவின் முதன்மையான மேடை சாவு வீடாகும். இறந்தவர் வீட்டு வாசலில் இரவு முழுதும் விழித்திருப்போருக்காகப் பாடப்படுவது "மரண கானா" எனப்படும். இறந்தவரின் வாழ்வைச் சொல்வது, வாழ்வின் நிலையாமையைப் பாடுவது, இடையிடையே கேலி செய்து சிரிக்க வைப்பது ஆகிய மூன்றும் ஒரே பாட்டில் வரும். பாடுபவர் அவ்விடத்திலேயே வரிகளைக் கட்ட வேண்டும் என்பதால் சொல்வளமும் நினைவாற்றலும் மிக்கவரே கானா பாடகராக நிலைக்க முடியும். கருவி இல்லாதபோது மேசையும் தீப்பெட்டியும் கூடத் தாளக் கருவிகளாயின.

திரைப்படம் கானாவைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டு சென்றது. 1990களில் இசையமைப்பாளர் தேவா இம்மெட்டுகளைப் பரவலாகப் பயன்படுத்தினார். 2006 இல் "சித்திரம் பேசுதடி" படத்தின் வழியாகக் கானா உலகநாதனும், 2012 இல் "அட்டகத்தி" படத்தின் வழியாகக் கானா பாலாவும் பெரும் புகழ் பெற்றனர். ஆயினும் திரையில் கானா பெரும்பாலும் குடி, காதல் தோல்வி, கேலி என்ற எல்லைக்குள் அடைக்கப்பட்டது. அதைப் பாடிய மக்களின் வாழ்விடம் ரவுடிகளின் களமாகவே காட்டப்பட்டது. இரஞ்சித்தின் "மெட்ராஸ்" (2014) இப்போக்கிலிருந்து விலகிய படமாகும்.

தோற்றமும் முதல் மேடையும்

கானாப் பாடகர்களையும் தனியிசைக் கலைஞர்களையும் ஒரே குழுவாக்கும் எண்ணத்துடன் இரஞ்சித்தும் டென்மாவும் தேர்வு நடத்தி உறுப்பினர்களைச் சேர்த்தனர். கானா முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து, இசைவாணி முதலியோர் கானா மரபிலிருந்து வந்தவர்கள். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு சொல்லிசைக் கலைஞராகவும் பாடலாசிரியராகவும் இணைந்தார். மும்பை தாராவியில் வாழும் தமிழ் இளைஞர்களின் டோப்படெலிக்சு என்ற ஹிப் ஹாப் குழுவினரும் பங்குபெற்றனர். டென்மா குழுவின் இசைத் தலைவராகச் செயல்பட்டார்.

முதல் நிகழ்ச்சியின் காலமும் கவனிக்கத்தக்கது. சென்னைச் சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த பருவத்தில், அதே நகரின் ஒரு திறந்தவெளியில் இந்நிகழ்ச்சி நடந்தது. சாவு வீட்டுக் கருவிகள் எனச் சொல்லப்பட்டுக் கச்சேரி மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையும் சட்டியும் கட்ட மோளமும் இங்கு மின்கிதாருக்கும் டிரம்சுக்கும் சமமாக மேடையின் நடுவில் வைக்கப்பட்டன. கலைஞர்கள் ஒரே மாதிரியான கோட்டு அணிந்து தோன்றினர். கோட்டணிந்த அம்பேத்கரின் உருவம் சேரிகளின் சுவர்களில் பெற்றுள்ள இடத்தை அறிந்தவர்களுக்கு இவ்வுடையின் பொருள் விளங்கும்.

இதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், 2017 சனவரியில், எண்ணூர்க் கழிமுகம் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் அழிவதைப் பற்றிய "சென்னை புறம்போக்குப் பாடல்" வெளியானது. கபேர் வாசுகி எழுதிய பேச்சுத்தமிழ் வரிகளை டி. எம். கிருஷ்ணா கருநாடக இராகங்களில் பாடியிருந்தார். அது சபா மேடையிலிருந்து வட சென்னையை நோக்கி வந்த முயற்சி. காஸ்ட்லெஸ் கலெக்டிவ், வட சென்னை தன் குரலிலேயே பாட எடுத்த முயற்சி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது பயனுடையது.

இசை அமைப்பு

ஹிப் ஹாப் தன் சூழலில் ஏற்கனவே இருந்த மூத்த இசையை எடுத்துக்கொள்வது புதியதன்று. 1990 அளவில் நியூயார்க்கின் எ டிரைப் கால்டு குவெசுட்டு போன்ற குழுக்கள், கறுப்பினத்தாரின் முந்தைய தலைமுறை இசையான ஜாசைச் சொல்லிசைக்கு அடித்தளமாக்கின. அக்குழுவின் 1991 இசைத்தொகுப்பில் ஜாசின் புகழ்பெற்ற பாசு கலைஞர் ரான் கார்ட்டரே வாசித்தார். அங்கு ஜாசு வகித்த இடத்தை இங்குக் கானா வகிக்கிறது.

தாள அமைப்பிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சொல்லிசை வழக்கமாக நான்கு தட்டுகள் கொண்ட சுழற்சியில், ஒவ்வொரு தட்டும் இரண்டாக அல்லது நான்காகப் பிரிய, சொற்களை நிரப்பும். கானாவிலும் குத்துப்பாட்டிலும் பெரும்பாலும் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். ஜாசின் "சுவிங்" எனப்படும் ஊசலாட்டமும் இம்மூன்றன் பிரிவை ஒட்டியதே. மூன்றன் நடையில் ஓடும் பறையின்மேல் இரண்டன் நடையில் பழகிய சொல்லிசைக் கலைஞர் பாடும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். இக்குழுவின் சிறந்த பாடல்களில் இம்முட்டல் மறைக்கப்படாமல் விடப்பட்டுள்ளது. ராக் கிதார் ஓங்கும் சில பாடல்களில் கானாவின் நுணுக்கம் அமுங்கிப் போவதும் உண்டு. பத்தொன்பது பேர் கொண்ட குழுவில் இது எதிர்பார்க்கத்தக்கதே.

பாடல்கள்

இட ஒதுக்கீடு பற்றிய "கோட்டா" பாடல், மாட்டிறைச்சி உணவைப் பற்றிய பாடல், "ஜெய் பீம் ஆந்தம்", "வட சென்னை" ஆகியவை அறியப்பட்டவை. "கோட்டா" பாடல் கட்டுரையைப் போல வாதிடாமல், தெருவில் நின்று எதிராளியிடம் பதில் கேட்கும் தொனியில் அமைந்தது. கானாவின் பழைய கேலி இங்கு அரசியல் கருவியாகிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்டு மாண்ட தொழிலாளர்களைப் பற்றிப் பாடும்போது இதே இசை மரண கானாவாகத் திரும்பிவிடுகிறது.

சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் என 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சூழலில் "ஐ ஆம் சாரி ஐயப்பா" என்ற பாடலை இக்குழுவுக்காக இசைவாணி பாடினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2024 நவம்பரில், இப்பாடல் சமய உணர்வைப் புண்படுத்துவதாகப் புகார்கள் எழுந்தன. இசைவாணி இணையத்தில் கடுமையான வசைகளுக்கு உள்ளானார். பாடல் பெண்களின் வழிபாட்டு உரிமையைப் பேசுவதே என நீலம் பண்பாட்டு மையம் விளக்கமளித்தது. பாடலை உருவாக்கியோர் பலராயினும் வசை பெரிதும் பாடிய பெண்ணை நோக்கியே சென்றது குறிப்பிடத்தக்கது.

இசைவாணி

கானா ஆண்களின் கலையாகவே வழங்கி வந்தது. இரவு முழுதும் சாவு வீட்டில் பாடுவது பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கருதப்பட்டதே இதன் காரணம். சிறு வயது முதல் மேடைகளில் பாடிவந்த இசைவாணி, இக்குழுவின் வழியாகவே பரவலாக அறியப்பட்டார். 2020 இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இவர் இடம்பெற்றார். வட சென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய "சார்பட்டா பரம்பரை" (2021) படத்தில் கானா முத்துவுடன் இவர் பாடியுள்ளார்.

பிற்காலம்

உறுப்பினர்கள் சிலர் தனித்தும் இயங்கினர். அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து "தெருக்குறள்" என்னும் சொல்லிசைத் தொகுப்பை 2019 இல் வெளியிட்டார். 2021 மார்ச்சில் தீயுடன் அவர் பாடிய "எஞ்சாயி எஞ்சாமி" உலகெங்கும் கேட்கப்பட்டது. அப்பாடலின் உருவாக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றிய சர்ச்சை 2022 இல் பொதுவெளிக்கு வந்தது. டென்மா "இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு" (2019), "நட்சத்திரம் நகர்கிறது" (2022) ஆகிய படங்களுக்கு இசையமைத்தார்.

2018 திசம்பரில் தொடங்கிய "வானம்" கலைத் திருவிழாவையும், 2020 திசம்பரில் தொடங்கிய "மார்கழியில் மக்களிசை" நிகழ்வையும் நீலம் பண்பாட்டு மையமே ஒருங்கிணைத்தது. பின்னதில் கானா, பறை, ஒப்பாரி முதலியவை மார்கழி மாதத்திலேயே மேடையேறின.